அரசமைப்பு அடையாளமும் மனித உரிமையும்: ஒத்தக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மாடி அறையில் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளும் புதிதாகக் கவுன் போட்ட ஜூனியர்களும் கூடுவார்கள். ஜன்னலைத் திறந்தால் யானைமலை தெரியும். அங்கே வருஷா வருஷம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். அரசமைப்பு என்று நான் எழுதுவதும் அரசியலமைப்பு என்று பேப்பரில் வருவதும் ஒன்றுதான்.

அரசமைப்பு அடையாளம் என்றால் என்ன சார்?

ஒரு நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் எதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதை அதே சட்டம் என்று சொல்ல முடியாமல் போகுமோ, அதுதான் அதன் அடையாளம்.

நம்ம ஊர்த் திருவிழாவையே பாருங்கள். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது ஊரறிந்த செய்தி. தேரோடும் வீதிக்கு இன்னமும் மாசி வீதி என்றுதான் பெயர். மாதமே மாறியும் திருவிழா திருவிழாவாகவே இருக்கிறது. ஆனால் 2020-லும் 2021-லும் கொரோனாவால் அழகர் ஆற்றுக்கு வரவில்லை. கோயிலுக்குள்ளேயே எல்லாம் முறைப்படி நடந்தது. இருந்தாலும் அந்த இரண்டு வருஷத்தையும் திருவிழா இல்லாத வருஷம் என்றே ஊர் கணக்கு வைத்திருக்கிறது. எது மாறலாம், எது மாறினால் பெயரே பொருந்தாது என்று மக்களுக்குத் தெரிகிறது.

அரசமைப்பிலும் இதே கேள்விதான். 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடையாளம் என்ற சொல்லையே பயன்படுத்தியது. நாடாளுமன்றம் எத்தனை திருத்தம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், அரசமைப்பின் அடையாளத்தை மட்டும் அழிக்க முடியாது என்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் எழுதினார். நாம் அடிப்படைக் கட்டமைப்பு என்று படிப்பதும் இதுவும் ஒரே குடும்பம்.

அடிப்படைக் கட்டமைப்பு என்ற வார்த்தை அரசமைப்பில் எந்தப் பிரிவில் இருக்கிறது?

எந்தப் பிரிவிலும் இல்லை. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து 7-க்கு 6 என்ற கணக்கில் சொன்னது. காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தின் தலைவர், கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்திலிருந்து மடத்துச் சொத்தைக் காப்பாற்ற வந்தார். விசாரணை 68 நாள் நடந்தது. சொத்து விஷயத்தில் அவர் கேட்டது பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. நாட்டுக்குக் கிடைத்தது அந்த ஒரு வாக்கியம்: 368-வது பிரிவின்படி திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது.

எவையெல்லாம் அதில் அடங்கும் என்ற பட்டியல் வழக்குக்கு வழக்கு வளர்ந்து வருகிறது. நீதித்துறை மறுஆய்வு, சுதந்திரமான தேர்தல், சட்டத்தின் ஆட்சி, கூட்டாட்சி எல்லாம் உண்டு. 1994-ல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் மதச்சார்பின்மை அழுத்தமாக உறுதியானது.

இந்தக் கதையில் நம்ம மாநிலத்துக்கு என்ன பங்கு?

நிறைய இருக்கிறது. பாடப்புத்தகங்கள் டெல்லியையும் கேரளாவையும் பேசிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம்.

முதல் பெரிய அடிப்படை உரிமை வழக்குகள் சென்னை மாகாணத்திலிருந்து போனவை. விசாரணையில்லாமல் சிறை வைக்கப்பட்ட ஏ.கே. கோபாலன் வழக்கு 1950. ‘கிராஸ் ரோட்ஸ்’ பத்திரிகையை மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுத்த ரொமேஷ் தாப்பர் வழக்கும் 1950. கல்லூரி இடங்களுக்கான வகுப்புவாரி அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கு 1951. கடைசி இரண்டிலும் அரசு தோற்றது. இடஒதுக்கீட்டுக்கு வழி விடும் 15(4) பிரிவும், பேச்சுரிமைக்கான புதிய வரம்புகளும் 1951 ஜூனில் முதல் திருத்தத்தில் வந்தன. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து 17 மாதம்கூட ஆகவில்லை. திருத்தவே கூடாது என்று வைத்திருந்தால் இடஒதுக்கீட்டின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அடையாளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. சில திருத்தங்கள் அரசமைப்பை அதன் வாக்குறுதிக்கு இன்னும் பக்கத்தில் கொண்டு போகின்றன.

அதே திருத்தம் ஒன்பதாவது அட்டவணையையும் கொண்டுவந்தது. அதில் வைத்த சட்டத்தை அடிப்படை உரிமைக்கு மாறானது என்று கேள்வி கேட்க முடியாது. ஆரம்பத்தில் 13 சட்டங்கள். பிறகு 284 வரை போனது. நீலகிரி கூடலூரின் ஜன்ம நிலங்கள் குறித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் சொன்னது. 1974-ல் அந்தச் சட்டத்தையே அட்டவணைக்குள் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து கிளம்பியதுதான் ஐ.ஆர். கொயலோ எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அட்டவணையில் வைத்த எந்தச் சட்டமும் அடிப்படைக் கட்டமைப்புச் சோதனைக்கு உட்பட்டது. நம்முடைய 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994-ல் 76-வது திருத்தத்தின் மூலம் அட்டவணைக்குப் போனது. அதனால் அதுவும் அந்தச் சோதனைக்குள்தான் வரும்.

அடிப்படைக் கட்டமைப்பு ஜெர்மனியிலிருந்து காப்பியடித்தது என்கிறார்களே, உண்மையா?

காப்பி இல்லை. ஆனால் உறவு உண்டு, அது அழகான உறவு.

ஜெர்மனியில் 1933 மார்ச்சில் ஹிட்லரின் அரசுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றமே மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு தூக்கிக் கொடுத்தது. அந்தச் சூடு பட்டவர்கள் 1949-ல் புது அரசமைப்பு எழுதினார்கள். முதல் பிரிவே மனித மாண்பு மீற முடியாதது என்கிறது. 79(3) பிரிவு, அந்த மாண்பையும் மக்களாட்சி, கூட்டாட்சி போன்ற அடிப்படைகளையும் எந்தப் பெரும்பான்மையாலும் தொட முடியாது என்று பூட்டு போட்டது.

டீட்டர் கான்ராட் என்ற ஜெர்மன் சட்ட அறிஞர் 1965-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். திருத்தும் அதிகாரத்துக்கு எழுதப்படாத எல்லை உண்டா என்பது தலைப்பு. சட்டத்தின் அனுமதியே இல்லாமல் ஒருவரின் உயிரை எடுக்கலாம் என்று, உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-வது பிரிவை ஒரு திருத்தத்தால் ஒழிக்க முடியுமா என்று கேட்டார். அந்த வாதத்தை வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் 1967-ல் கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். அங்கே அதைப் பற்றி நீதிமன்றம் முடிவு எதுவும் சொல்லவில்லை. 1973-ல் நீதிபதி எச்.ஆர். கன்னா தன் தீர்ப்பில் கான்ராடை மேற்கோள் காட்டினார். ஒப்பியல் பொதுச் சட்டம் என்று பாடத்திட்டத்தில் இருப்பது நடைமுறையில் இப்படித்தான் நடக்கிறது. ஒரு நாட்டுக்காரர் பட்ட அனுபவம் இன்னொரு நாட்டு நீதிமன்றத்தில் ஒரு கேள்வியாக எழுந்து நிற்கிறது.

ஐரோப்பாவில் இந்த அடையாளம் எதற்குப் பயன்படுகிறது? அங்கே நாடாளுமன்றத்தைத் தடுக்கவா?

அங்கே சண்டை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் உறுப்பு நாடுகளின் சட்டத்துக்கு மேலே நிற்கிறது. அப்படியானால் எங்கள் அரசமைப்பு கொடுத்த உரிமை என்னாவது என்று 1974-ல் ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் கேட்டது. ஒன்றியத்தில் உரிமைப் பாதுகாப்பு எங்கள் அளவுக்கு வராத வரைக்கும் நாங்கள் சரிபார்ப்போம் என்றது. அந்த ‘வரைக்கும்’ என்ற சொல்லே, ஜெர்மன் மொழியில் ‘ஸோலாங்கே’, தீர்ப்பின் பெயராகிவிட்டது. 1986-ல் இரண்டாவது ஸோலாங்கே: இப்போது பாதுகாப்பு போதுமான அளவு இருக்கிறது, அது நீடிக்கும் வரைக்கும் ஒதுங்கி நிற்கிறோம். முதல் தீர்ப்பின் அழுத்தம்தான் ஒன்றிய நீதிமன்றத்தை உரிமைகளைக் கவனமாகப் பார்க்க வைத்தது என்று நான் நினைக்கிறேன்.

2009-ல் ஜெர்மன் நீதிமன்றத்தின் லிஸ்பன் ஒப்பந்தத் தீர்ப்பில் அடையாளச் சோதனை என்று தனியாகவே வந்தது. ஒன்றிய ஒப்பந்தத்தின் 4(2) பிரிவும் உறுப்பு நாடுகளின் தேசிய அடையாளத்தை மதிக்கச் சொல்கிறது.

பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்லும் வழக்கு 2015 டிசம்பரில் வந்தது. அமெரிக்கக் குடிமகன் ஒருவருக்கு, அவர் எதிரில் இல்லாமலே, இத்தாலி நீதிமன்றம் 30 ஆண்டு சிறை விதித்திருந்தது. பல வருஷம் கழித்து ஜெர்மனியில் பிடிபட்டார். ஒன்றியத்தின் கைது ஆணை விதிப்படி அவரை அனுப்பியாக வேண்டும். ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் நிறுத்தியது. குற்றம் நிரூபணமாகாமல் தண்டனை இல்லை என்பது மனித மாண்பிலிருந்து வருகிறது, மாண்பு எங்கள் அரசமைப்பின் அடையாளம், அங்கே போனால் சாட்சிகளை வைத்து மறுவிசாரணை உண்மையிலேயே கிடைக்குமா என்று பார்க்காமல் அனுப்ப முடியாது என்றது. அவர் ஜெர்மன்காரர்கூட இல்லை. நாட்டின் அடையாளம் என்ற பெரிய சொல் ஓர் அந்நிய ஆளுக்குக் குடையாக விரிந்தது.

அப்போ அடையாளம் என்றாலே உரிமைக்குப் பாதுகாப்புதானா?

இங்கேதான் கவனம் வேண்டும். இல்லை.

ஹங்கேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் ஒன்றியம் அகதிகளை நாடுகளுக்குள் பகிர்ந்துகொள்ள முடிவெடுத்தது. ஹங்கேரி அரசு ஏற்கவில்லை. அதன் அரசமைப்பு நீதிமன்றம் 2016-ல், எங்கள் வரலாற்றிலிருந்து வரும் அரசமைப்பு அடையாளத்தை நாங்கள் காப்போம் என்று தீர்ப்பளித்தது. 2018-ல் அரசமைப்பையே திருத்தி, அந்த அடையாளத்தையும் கிறிஸ்தவப் பண்பாட்டையும் காப்பது அரசின் எல்லா அங்கங்களுக்கும் கடமை என்று எழுதினார்கள். ஜெர்மனி பேசிய அதே சொல்தான். அங்கே நாட்டுக்குள் வந்த அந்நியருக்குக் குடையானது, இங்கே வாசலில் நின்றவர்களுக்குக் கதவடைப்பானது.

ரஷ்யாவில் சிறைக் கைதிகளுக்கு வாக்கில்லை என்று அரசமைப்பே சொல்கிறது. அது மனித உரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பை எங்கள் அரசமைப்புக்கு மேலாக வைக்க முடியாது என்று ரஷ்ய அரசமைப்பு நீதிமன்றம் 2016-ல் முடிவு செய்தது. 2022-ல் உக்ரைன் போருக்குப் பின், அந்த மனித உரிமை நீதிமன்றம் சேர்ந்த ஐரோப்பிய அவையிலிருந்தே ரஷ்யா வெளியேற்றப்பட்டது. இதைச் சொல்லும்போது நம்மைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இங்கேயும் மதுரை மத்தியச் சிறையில் இருப்பவருக்கு, விசாரணைக் கைதியாக இருந்தாலும்கூட, வாக்குப் போட முடியாது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு.

எதிர்ப்பக்கமும் ஒன்று. ஆஸ்திரியா 1919-ல் பிரபுப் பட்டங்களை ஒழித்தது. ஜெர்மனியில் தத்துப் போனதால் இளவரசி என்ற பட்டத்தோடு பெயர் பெற்ற ஓர் ஆஸ்திரியப் பெண்ணின் பெயரிலிருந்து அதிகாரிகள் பட்டத்தை நீக்கினார்கள். 2010-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், குடிமக்கள் எல்லாரும் சமம் என்பது ஆஸ்திரியக் குடியரசின் அடையாளம் என்று ஏற்று, நீக்கியது சரி என்றது. பெயருக்குப் பின்னால் சாதியை விட்டுவிட்ட நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தீர்ப்பு விளக்கமே இல்லாமல் புரியும்.

ஆக, யாராவது அடையாளம் என்று வாதாட வந்தால் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். இந்தச் சொல் யார் கையைக் கட்டுகிறது? அதிகாரத்தில் இருப்பவர் கையையா, உரிமை கேட்டு வந்தவர் கையையா?

சார், “எங்க ஊர் வழக்கம்” என்று சொல்வதும் இதேதானே?

போன வருஷம் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இதைக் கேட்டாள். நான் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு சரியான கேள்வி.

73-வது திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீடு கொடுத்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், மூன்றும் நம் மாவட்டம். 1996-லிருந்து 2006 வரை அங்கே முறையான தலைவர் ஒருவர் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மனுத்தாக்கல் செய்ய ஆள் வராது. வந்து ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். மேலூர்ப் பக்கம் மேலவளவில் துணிந்து தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30 அன்று உடன் வந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். உத்தப்புரத்தில் தெருவைப் பிரித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008 மே 6 அன்றுதான் இடித்துப் பாதை விட்டார்கள்.

ஒவ்வொன்றிலும் சொன்ன நியாயம் வழக்கம், ஊரின் அடையாளம், வெளியார் தலையிடக் கூடாது என்பது. அகதிகள் விஷயத்தில் ஹங்கேரி சொன்னதன் சிறிய உருவம்தான் இது. நம் அரசமைப்பு எழுதப்பட்டதே இதை மறுக்கத்தான். 17-வது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 13-வது பிரிவு, அடிப்படை உரிமைக்கு மாறான வழக்கமும் செல்லாது என்று வழக்கத்தின் பெயரைச் சொல்லியே எழுதுகிறது. 1939 ஜூலை 8 அன்று ஏ. வைத்தியநாத ஐயரோடு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர் தும்பைப்பட்டி கக்கன். பிறகு அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவரும் அவர்தான். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மக்களில் ஒருவர் அந்த அவையில் இருந்தார். இந்திய அரசமைப்பின் அடையாளம் எது என்று கேட்டால் அங்கிருந்து தொடங்குங்கள் என்பேன்.

ஜல்லிக்கட்டு எந்தக் கணக்கில் வரும்?

பண்பாட்டு அடையாளம் வேறு, அரசமைப்பு அடையாளம் வேறு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் பிள்ளைகள் ராத்திரி பகலாக உட்கார்ந்தார்கள். மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லும் என்றார்கள். அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். இது தமிழ்ப் பண்பாட்டின் பகுதியா என்பதை நீதிமன்றம் ஆராயத் தேவையில்லை, சட்டமன்றம் அப்படி முடிவு செய்திருக்கிறது, அதை ஏற்கிறோம் என்றார்கள். பண்பாட்டைச் சட்டமன்றம் தீர்மானிக்கலாம். அரசமைப்பின் அடையாளத்தைச் சட்டமன்றம் தனியாகத் தீர்மானிக்க விட முடியாது. பரீட்சையில் இரண்டையும் குழப்பி எழுதுகிறவர்கள் அதிகம்.

மற்ற நாடுகள் எல்லாம் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டனவா?

இல்லை. வங்கதேசம் 1989-ல் ஏற்றது. கொலம்பியாவின் நீதிமன்றம் தனக்கென ஒரு வடிவம் செய்துகொண்டு, 2010-ல் அதிபர் மூன்றாம் முறை போட்டியிட வழி செய்யும் முயற்சியைத் தடுத்தது. கென்யாவின் உச்ச நீதிமன்றம் 2022-ல் இந்தக் கோட்பாடு தங்கள் அரசமைப்புக்குப் பொருந்தாது என்றது. பிரிட்டனில் நாடாளுமன்றமே மேலானது.

வெளிநாட்டுத் தீர்ப்பை மதுரைக் கிளையில் சொன்னால் எடுபடுமா?

கட்டுப்படுத்தாது, ஆனால் காதில் விழும். 51(c) பிரிவு சர்வதேசச் சட்டத்தை மதிக்கச் சொல்கிறது. 1979-ல் இந்தியா இரண்டு பெரிய மனித உரிமை உடன்படிக்கைகளிலும் சேர்ந்தது. 1997-ல் விசாகா வழக்கில், இங்கே சட்டமே இல்லாத நிலையில், பெண்களுக்கு எதிரான பாகுபாடு குறித்த ஐ.நா. உடன்படிக்கையை வைத்து வேலையிடப் பாதுகாப்பு விதிகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது.

நம் மதுரைக் கிளையிலேயே 2019 ஏப்ரலில் ஒரு தீர்ப்பு. தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் கோயிலில் செய்த கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்தார்கள். இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், இடைப்பால் குழந்தைகளுக்கு, அதாவது ஆண், பெண் என்று பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறப்பவர்களுக்கு, செய்யும் பாலினம் மாற்றும் அறுவைச் சிகிச்சைகளைத் தடுக்க உத்தரவிட, அரசும் அந்த ஆண்டே ஆணை போட்டது. பழைய சட்டத்தின் ஒரு சொல்லுக்குள் ஒரு புது ஆளை உட்கார வைக்க இடம் இருந்தது. இடம் இருக்கிறது என்று சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

தேர்தலில் நிற்காத நீதிபதிகளிடம் இவ்வளவு அதிகாரம் கொடுக்கலாமா?

நியாயமான பயம். கோட்பாடு மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது. கேசவானந்தா தீர்ப்பு வந்து மூன்றே வருஷத்தில், 1976 ஏப்ரல் 28 அன்று, நெருக்கடி நிலையில் கைதானவர்கள் ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று அதே உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று சொன்னது. மாறுபட்ட அந்த ஒருவர் நீதிபதி கன்னா. தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. அந்தத் தீர்ப்பு தவறு என்று நீதிமன்றமே வெளிப்படையாக ஒதுக்கியது 2017-ல், அந்தரங்க உரிமை வழக்கில். நாற்பது வருஷம் ஆயிற்று. 1976-ல் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர்களில், பின்னாளில் மினர்வா மில்ஸில் அடையாளத்தைப் பற்றி எழுதிய ஒய்.வி. சந்திரசூட்டும் ஒருவர். மனிதர்கள்தான் தீர்ப்பு எழுதுகிறார்கள். அதனால்தான் வெளியே கேள்வி கேட்கிற ஆட்களும் தேவை.

இதெல்லாம் மனு எடுத்து வரும் ஒரு சாதாரண ஆளுக்கு எந்த விதத்தில் உதவும்?

மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று வைத்திருந்தார். உள்ளே பள்ளிக்கூட நோட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் அட்டையில் பதினொரு ரசீது. ஒவ்வொன்றும் ஒரு திங்கட்கிழமை, குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்ததற்கு அத்தாட்சி. அவர்கள் தெருப் பிணத்தை மயானத்துக்குத் தூக்கிப் போக நேர்பாதை கிடையாது. மழைக்காலத்தில் இடுப்பளவு வாய்க்காலில் இறங்கிப் போக வேண்டும். “பாடை நனையும் வக்கீலய்யா” என்று மட்டும் சொன்னார். மனுவுக்கு வந்த பதிலில், நேர்பாதையை அத்தெருவினர் பயன்படுத்துவது ஊர் வழக்கத்தில் இல்லை என்று ஒரு வரி இருந்தது.

2004 ஜூலை 24-க்கு முன்பு என்றால் அந்த அம்மாவை ராத்திரி ரயிலேற்றிச் சென்னைக்கு அனுப்பியிருக்க வேண்டும். இப்போது மேலூரிலிருந்து ஒரு டவுன் பஸ். 226-வது பிரிவில் நீதிப்பேராணை மனுப் போட்டோம். 13, 17, 21. இறந்தவருக்கும் மாண்பு உண்டு என்ற தீர்ப்புகள். ‘ஊர் வழக்கம்’ என்ற அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு நீதிபதியிடம் காட்டினேன். அந்தப் பக்கத்தில் வேறு எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அளந்து பாதை விட உத்தரவானது. இரண்டு வாய்தா தள்ளிப்போய், சர்வேயர் வந்து கல் நட்டார்.

அடுத்த ஐப்பசியில் அவர் வீட்டுப் பெரியவர் இறந்தார். அன்றைக்கு நல்ல மழை. காரியம் முடிந்த மறுவாரம் அந்த அம்மா ஒத்தக்கடைக்கு வந்து, பாடை அந்தப் பாதையில்தான் போனது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.